ஒன்று 12.5, இன்னொன்று 11.7

மீட்டரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

லோடு இல்லாமல் மூன்று மாதமாக ஷெட்டில் நிற்கும் லாரி. 24 வோல்ட் வண்டி, தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். ஒன்று 12.5 காட்டியது. பக்கத்தில் இருந்தது 11.7.

ஒரே நாளில் வாங்கிய ஜோடி அது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு மெல்லிய சிவப்பு ஒயரைத் தொட்டுக் காட்டினார். பாட்டு செட்டுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று எப்போதோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்தது. நாங்கள் தூங்கும்போதும் அது சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"சேர்த்து சார்ஜ் போட்டா நல்லா இருக்கிறதும் கொதிச்சுக் கெட்டுடும் தம்பி. தனித்தனியா போடுங்க."

நிறுத்தும்போதே ஒயர்களைக் கழற்றியிருக்க வேண்டும், நெகட்டிவ் முதலில். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்து, 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றியிருக்க வேண்டும். சார்ஜ் இல்லாமலே கிடந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் என்ற உப்பு படிந்து இறுகிவிடும். அப்புறம் பழைய பலம் வராது.

ஓடுகிற வண்டிக்கு டயர், ஆயில் எல்லாம் தினமும் பார்ப்போம். நிற்கிற வண்டிக்கும் பசிக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மணி பத்தாகிறது. சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா இன்னும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.