பச்சைப் பட்டை எண்ணாத பாடங்கள்

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் (முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை இங்கே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம்), எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. சென்ற ஆண்டு, இயந்திரப் பொறியியல் படிக்க விரும்பும் மாணவர் ஒருவர் எதிரே அமர்ந்து தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். கல்லூரியின் திட்டமிடல் மென்பொருளில் அவருடைய படிப்பு 84 விழுக்காடு முடிந்துவிட்டதாகப் பச்சைப் பட்டை நீண்டிருந்தது. "இன்னும் ஒரு பருவம்தானே?" என்றார். உண்மையில் மூன்று மிச்சமிருந்தன.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. எங்கள் கல்லூரியின் இரண்டாண்டு இணைப் பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுகளை (பாடங்களின் அளவைக் குறிக்கும் மதிப்பு அலகுகளை) மட்டுமே அது எண்ணுகிறது. அவர் மாறிச் செல்ல நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறை கேட்கும் பாடங்கள் அதன் கணக்கில் வருவதே இல்லை. பொதுக்கல்விப் பாடங்களை அவர் ஒழுங்காக முடித்திருந்தார். கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தின் முதல் பகுதி அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தால்தான் இரண்டாம் பகுதியும் இயந்திரவியல் இயற்பியலும், அவை முடிந்தால்தான் மூன்றாம் பகுதியும் மின்காந்தவியலும், அதற்குப் பின்னரே வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று, ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நிற்கும் பாடங்கள் இவை. வரலாற்றையோ கட்டுரைப் பயிற்சியையோ எந்தப் பருவத்திலும் எடுத்துக்கொள்ளலாம். கால்குலஸை ஒரு பருவம் தள்ளிப்போட்டால் அதன் பின்னால் நிற்பவை எல்லாம் தள்ளிப்போகும். (மாணவர்களை அடிப்படைக் கணித வகுப்புகளில் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து 2017இல் வந்த ஏபி 705 என்னும் மாநிலச் சட்டத்துக்கு முன்பு, கால்குலஸை எட்டும் முன்பே அந்த வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கியவர்களும் உண்டு.)

இந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் பாடங்களில் எவை ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்னும் இணையதளம் காட்டுகிறது. என் பார்வையில், பொறியியல் மாணவர் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியது அதைத்தான். பொதுக்கல்வியை முதலில் முடித்துவிடு என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பச்சைப் பட்டையைப் போலவே, வருகை குறைந்தால் தானாகப் போகும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் முழுக் கதையைச் சொல்வதில்லை. ஆய்வக வகுப்புக்கு வராத மாணவிக்கு மூன்று போயின. வேலை நேரம் மாறியதால் வர முடியவில்லை என்பது, நான் தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது. மாலைப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது, மாற்றிக்கொண்டார்.

அந்தப் பொறியியல் மாணவருடன் அமர்ந்து, அசிஸ்டில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டியல்களை அச்செடுத்து, பென்சிலால் பருவம் பிரித்தோம். இப்போது அவருடைய பட்டை 100 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. வகைக்கெழுச் சமன்பாடுகள் மட்டும் வசந்தப் பருவத்துக்குக் காத்திருக்கின்றன.