வைக்கோலுக்கு ஒரு அடிதடி

சர்ரியலிசம், அதாவது கனவு மாதிரி விசித்திரக் காட்சிகளை வரையும் பாணி என்றால் எல்லோரும் ஓவியர் டாலியின் உருகும் கடிகாரத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அவரைவிட சுமார் 450 வருடம் மூத்த ஓவியர் ஹைரோனிமஸ் போஷ்தான். அவருடைய ‘வைக்கோல் வண்டி’, 1515 வாக்கில் வரைந்தது, மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று பலகை ஓவியம். இடப்பக்கம் ஏதேன் தோட்டம், வலப்பக்கம் நரகம். நடுவில் மலை மாதிரி வைக்கோல் ஏற்றிய வண்டி. வைக்கோல் இங்கே உலகச் செல்வத்துக்குக் குறியீடு. ஒரு பிடி உருவ ஆளாளுக்கு முண்டுகிறார்கள். ஒருவன் இன்னொருவன் கழுத்தை அறுக்கிறான், சிலர் சக்கரத்தடியில் கிடக்கிறார்கள். கன்னியாஸ்திரிகள் மூட்டை கட்ட, தொப்பைத் துறவி உட்கார்ந்து குடிக்கிறார். தள்ளுபடி விற்பனையின் முதல் நாள் கடைவாசல்தான், வேறென்ன!

போப்பும் பேரரசரும் மட்டும் முண்டவில்லை. குதிரையில் நிதானமாகப் பின்னால் வருகிறார்கள். வைக்கோலே தங்களுடையது என்ற தெம்பு போல. போஷின் குசும்பு அங்கேதான் இருக்கிறது.

வண்டியை இழுப்பவை பாதி மனிதன், பாதி மீன் என்று விசித்திரப் பிறவிகள். போவது நேராக நரகத்துக்கு. வைக்கோல்மேல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் ஜோடி அதைக் கவனிக்கவே இல்லை.

இதை 1570இல் வாங்கியவர் யார் தெரியுமா? அன்று உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்!