மயாமி என்றொரு மாநிலம்

ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1979-இல் மயாமி பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர். (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்.) அந்த அணியையே கலைத்துவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐந்து வருடத்தில் தேசிய சாம்பியன் ஆவோம் என்றார் இவர்.

ஃப்ளோரிடா வரைபடத்தில் டம்பாவிலிருந்து டேடோனா வரை மனதுக்குள் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே இருப்பதெல்லாம் 'மயாமி மாநிலம்', அணிக்கு ஆள் சேர்க்கும்போது முதலில் இங்கே உள்ள பள்ளிப் பையன்கள்தான் என்றார். மற்ற பயிற்சியாளர்கள் தயங்கிய கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் போய், வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அம்மாக்களிடம் பேசினார். 1980 கலவரத்தில் மயாமியின் கறுப்பினப் பகுதியான லிபர்ட்டி சிட்டி எரிந்த பிறகும் போனார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் தங்களைத் தேடி வரும் என்று அந்தப் பையன்கள் எப்படி நம்பியிருப்பார்கள்?

மயாமி நார்த்வெஸ்டர்ன் பள்ளியிலிருந்து மெல்வின் பிராட்டன், கொலம்பஸ் பள்ளியிலிருந்து அலோன்சோ ஹைஸ்மித் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பெர்னி கோசார் மட்டும் ஒஹையோக்காரர், அது வேறு கதை.

1984 ஜனவரி 2, பருவ முடிவில் நடக்கும் பெரிய போட்டிகளில் ஒன்றான ஆரஞ்சு பவுல். அதுவரை தோற்காத நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை 31-30 என்று வென்று, சொன்னபடியே தேசிய சாம்பியன் ஆனார்கள். கடைசி நிமிடத்தில் நெப்ராஸ்காவின் இரண்டு புள்ளி முயற்சியை (பலித்திருந்தால் அவர்கள் முந்தியிருப்பார்கள்) மயாமியின் கென்னி கால்ஹூன் விரலால் தட்டிவிட்ட அந்தக் காட்சியை நேற்று ராத்திரியும் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.