கண்கட்டிக்கு முதல் மருந்து வெந்நீர் ஒத்தடம்

இமையின் விளிம்பில் சிவந்து வீங்கி, தொட்டாலே வலிக்கும் கண்கட்டி உடல் சூட்டினால் வருகிறது என்பது நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்துபோன நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் குழந்தைகளில் யாருக்காவது இமை வீங்கினால், பெரியவர்கள் முதலில் நாமக்கட்டியைத்தான் தேடுவார்கள். சூட்டினால் வந்ததைக் குளிர்ச்சியால் தணிக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் அன்பிலிருந்து பிறந்ததுதான் என்றாலும், கண்கட்டிக்கு உண்மையில் தேவைப்படுவது இதமான வெப்பம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இமைமுடியின் வேர்க்காலை ஒட்டியும் இமையின் உட்பகுதியிலும் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உட்பகுதியில் வரிசையாக அமைந்திருப்பவற்றுக்கு, 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடாமல் காக்கும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. சுரப்பியின் வாய் அடைபட்டு, தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உள்ளே பெருகும்போது சீழ் கட்டிக்கொண்டு வலிக்கிறது. வெப்பம் பட்டால் உறைந்த எண்ணெய் இளகும், அடைப்பு திறக்கும், சீழ் தானாகவே வெளியேறும்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கொதித்து ஆறிய நீரில், மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் இதமாகப் பொறுக்கும் சூடு இருக்கும்போது சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின்மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆற ஆற மீண்டும் நனைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் 3 அல்லது 4 முறை இப்படிச் செய்தால் போதும். இமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால், சூடு கூடினால் விரைவில் குணமாகும் என்று எண்ணிக் கொதிக்கும் துணியை வைத்துவிடக் கூடாது. அந்தத் துணியை வேறு யாரும் பயன்படுத்தாமல் துவைத்து வெயிலில் உலர்த்துவது நல்லது. பெரும்பாலான கட்டிகள் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை கண் மையும் கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

பழுத்த முனையைப் பார்த்ததும் பிதுக்கத் தோன்றும். பிதுக்கினால் கிருமி சுற்றியுள்ள திசுக்களுக்குப் பரவக்கூடும். தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, மூலிகைச் சாறு என எதையும் கண்ணில் விட வேண்டாம். இவற்றைவிட என்னை அதிகம் அஞ்ச வைப்பது, முன்பு யாருக்கோ எழுதித் தந்த சொட்டு மருந்தை அலமாரியிலிருந்து எடுத்து விடும் வழக்கம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கிருமித் தொற்று தீவிரமாகலாம். நாள்பட விட்டுவந்தால் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பே பழுதாகலாம். அப்படி இழந்த பார்வை திரும்பாது.

வீக்கம் இமை முழுவதும் பரவிக் கண் திறக்க முடியாமல் போவது, காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், கண் முன்னே தள்ளியது போலத் தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு இமை வீங்கினால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி போன பிறகும் சிறு உருண்டை மிஞ்சினால், அது பெரும்பாலும் சீழற்ற எண்ணெய்க் கட்டியாக இருக்கும். ஒத்தடத்தைத் தொடர்ந்தும் கரையாவிட்டால் கண் மருத்துவர் சிறு கீறலால் அகற்றிவிடுவார். அடிக்கடி கண்கட்டி வருபவர்கள் இமை விளிம்பில் பொடுகு போன்ற அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அவ்விடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, அரிதாக அது எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், திசுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.