ஒரு மெழுகுக் கட்டிக்காக மூன்று முறை மலையிறங்கிய கதை

அப்பாவுக்கு, உடல் அசைவுகளைக் குலைக்கும் மூளை நோயான பார்க்கின்சன் என்று 2022-இல் உறுதியானது. வலக்கை நடுக்கம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தொடங்கியது. மலச்சிக்கலோ ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக அவரை வாட்டி வந்தது. அடிபிடித்த பாலின் வாடை அவருக்கு எட்டாமல் போனதையும், உறக்கத்தில் கத்திக் கைகால்களை உதறியதையும் நாங்கள் வயதின் மீதும் கோத்தகிரிக் குளிரின் மீதும் பழிபோட்டோம். 2015-இல் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் அவருடைய பெருங்குடலிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் திசுவைத்தான் சென்ற ஆண்டு நரம்பியல் மருத்துவர் கேட்டார். நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆல்ஃபா-சைனியூக்ளின் என்னும் புரதம் குடல் நரம்புகளில் திரண்டிருந்ததா என்று பழைய திசுக்களில் தேடும் ஆய்வு அது. நோய் குடலில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மேலே ஏறலாம் என்ற கருத்தை ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் முன்வைத்தார். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்தும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் இந்த நோயாளிகளின் மலச்சிக்கலைப் பற்றி, நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இலேயே எழுதியிருக்கிறார் என்று கேட்டபோது, கீரை சாப்பிடச் சொன்ன அறிவுரை மீண்டும் ஒருமுறை உறுத்தியது.

ஒப்புதல் படிவமும் ஆய்வுக் குழுவின் கடிதமும் ஒரே வாரத்தில் கிடைத்தன. சிக்கல் மருத்துவமனைப் பதிவறையில் தொடங்கியது.

முதல் பயணம் வீணானதற்கு நானே பொறுப்பு. ஸ்லைடு கேட்டேன், ஸ்லைடு கொடுத்தார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய அந்தக் கண்ணாடித் துண்டுகளில் இந்தப் புரதம் தெரியாது. திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுத்து வேறு சாயமேற்ற வேண்டும். ஆகவே பிளாக் என்றே கேளுங்கள். நோயாளி எண்ணும் அவர்களுக்கு உதவாது. பயாப்ஸி, அதாவது திசுச் சோதனை அறிக்கையின் மேல் மூலையில் இருக்கும் ஆய்வக எண்தான் வேண்டும்.

இரண்டாம் முறை அந்த எண்ணோடும் அப்பா கையெழுத்திட்ட படிவத்தோடும் போனேன். எழுத்தர் 2015-ஆம் ஆண்டுப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஒத்துப்போகவில்லையேம்மா" என்றார். ஒத்துப்போகாதுதான். எழுத்து வரவரச் சிறுத்துப் போவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. எந்த நோய்க்காக நான் அங்கே நின்றேனோ, அதுவே என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. "பத்து வருடம் ஆனால் பிளாக்கை அழித்துவிடுவோம், சீக்கிரம் வாருங்கள்" என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாம் முறை, கையெழுத்து ஏன் மாறியது என்று விளக்கும் மருத்துவரின் கடிதத்துடன், மழையில் குஞ்சப்பனை வளைவுகளைக் கடந்து அப்பாவையே காரில் அழைத்துச் சென்றேன். எழுத்தர் உணவு இடைவேளை முடிந்து வருவதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கி, அப்பாவின் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டன. அடுத்த வேளை மாத்திரை கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம். நீங்களும் மாத்திரை நேரத்தைக் கணக்கிட்டே கிளம்புங்கள். நோயியல் துறையின் மூத்த மருத்துவர் கடிதத்தைப் படித்த இரண்டு நிமிடங்களில், சாட்சிகள் இருவர் முன்னிலையில் இடக்கைப் பெருவிரல் ரேகை போதும் என்றார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர், மை தோய்ந்த விரலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கைநாட்டு வைத்தார்.

தனிப்பட்ட முடிவு எதுவும் எங்களுக்கு வராது. நோயில்லாதவர் குடலிலும் இந்தப் புரதம் தென்படக்கூடும் என்பதால், இது நோயறியும் சோதனையாக இன்னும் ஆகவில்லை. வெயில் படாமல் துணியில் சுற்றி எடுத்துச் சென்ற பிளாக்கை ஆய்வுக் குழுவிடம் சேர்த்துவிட்டோம். வேலை முடிந்ததும் அதை மருத்துவமனைக்கே திருப்பித் தர வேண்டுமாம். அந்த ரசீதைப் பழைய படிவத்தின் நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அதில் அப்பாவின் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் பெரிதாக ஓடுகிறது.