கோழி தூங்கி விழுந்தால்
நேற்று வரை கொல்லையைக் கிளறிக்கொண்டிருந்த நாட்டுக்கோழி காலையில் இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தது, எச்சம் வேறு பச்சையும் வெள்ளையுமாக. வெள்ளைக்கழிச்சல் (கோழிகளுக்கு வேகமாகப் பரவும் வைரஸ் நோய்) என்றால் மற்றதெல்லாம் வரிசையாகப் போய்விடும் என்பதால் உடனே தனிக் கூண்டுக்கு மாற்றினேன். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துச் சிறு உருண்டைகளாகக் கொடுத்துவிட்டு, தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக அலகோரம் விட்டேன் (வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்). பக்கத்து வீட்டு அக்கா மெடிக்கலில் ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடு என்றார். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, அக்கா. கழுத்து முறுக்கிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம், இதற்கு இன்னும் அப்படி ஆகவில்லை, சாயங்காலம் கொஞ்சம் கம்புகூடக் கொத்தியது. குஞ்சாக இருக்கும்போது 7ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, அப்புறம் 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி, நோய் வராமல் தடுக்க உருப்படியான வழி இதுதான். மிச்சக் கோழிகளுக்கு என்ன செய்யலாம் என்று நாளைக்குக் கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும்.