மேஸ்திரியே மொழிபெயர்த்தால்

எண்ணூர், மணலி பக்கம் மிஷினில் ஒரு ஒடியாக்காரருக்கு விரல் நசுங்கினால், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட வருவது மேஸ்திரிதான். தமிழும் ஹிந்தியும் தெரிந்தவர் அவர் ஒருவரே. "எப்படிப்பா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். அடிபட்டவர் ஒரு நிமிஷம் பேசுகிறார். "வழுக்கி விழுந்துட்டான் சார்" என்று மேஸ்திரி முடித்துவிடுகிறார்.

மிஷினுக்கு மூடி இல்லை என்பது அந்த ஒரு நிமிஷத்துக்குள் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவான ஏ.ஆர். காப்பியில் அது ஏறாவிட்டால், பிற்பாடு நஷ்டஈடு கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. மேஸ்திரி கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. நாளைக்கும் கம்பெனிக்கு ஆள் அனுப்ப வேண்டியவர், அவ்வளவுதான்.

அதனால் விவரம் கேட்கும்போது அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரி ஊழியரோ, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத, அடிபட்டவரின் ஊர்க்காரரோ ஸ்பீக்கர் போனில் பேசினாலும் போதும். மொழிபெயர்ப்பவர் "அவன் சொல்றான்" என்று ஆரம்பிக்கக் கூடாது. "நான் கையை உள்ளே விட்டேன்" என்று அடிபட்டவர் குரலாகவே சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் நிறுத்தணும். கேட்பவர் பார்வை அடிபட்டவர் முகத்தில் இருக்கணும்.

எந்த விரல், எத்தனை கணு என்று தொட்டுக் காட்டச் சொல்லி எழுதுங்கள். நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. 'விரலில் காயம்' என்று மொட்டையாக எழுதினால் யாருக்கு லாபம்?

தேதியில்தான் பெரிய குழி. ஹிந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். வங்காளியிலும் அப்படியே. கிழமை கேளுங்கள்.

"ஹா(ங்) சார்" என்று தலையாட்டுவதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்திலும் தலை ஆடும். மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, எப்போது எத்தனை போடுவீர்கள் என்று அவரையே சொல்ல வையுங்கள்.

இன்னொன்று. ஒடியா, வங்காளி, சந்தாலி பேசுகிறவர் எல்லாரும் இங்கே 'ஹிந்திக்காரன்'தான். அவர்களில் பலர் ஹிந்தியையே வேலைத்தளத்தில்தான் கற்றிருப்பார்கள். நம் சூப்பர்வைசர்களுக்கும் அங்கே வந்த ஹிந்திதான்: "ஜல்தி", "உட்டாவ்", "இதர் ஆ". ஏவல் மட்டும் தெரிந்த அந்த ஹிந்தியில் 'தூ' (நீ) உண்டு, 'ஆப்' (நீங்கள்) கிடையாது. வலியை விசாரிக்க அது உதவாது. கட்டிலருகே போனால் முதலில் 'ஆப்' என்று ஆரம்பியுங்கள்.